புதைந்த திடலும் மறைந்த தோட்டமும்

(மார்சிலிங்கில், தோட்டப்புறத்திலிருந்து வந்தவர்களும் தோட்டப்புறத்தை விட்டு வந்து குடியேறியவர்களும் கூடிய நிகழ்ச்சி ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நான் பேசவிருக்கும் பொருளைக் கேட்டதும் உங்களில் சிலர்க்கு வியப்பு உண்டாகலாம். குழிப்பந்தாட்டம் எனப்படும் கோல்ப் ஆட்டத்தைப் பற்றிப் பால்மரம் வெட்டும் மக்களிடம் பேச என்ன இருக்கிறது? அது செல்வர்களின் ஆட்டம். துரைமார் ஆடினர், நம்மவர் பந்து பொறுக்கினர், அல்லது புல் வெட்டினர். ஆயினும் அந்த ஆட்டத் திடலுக்கும் நமக்கும் உள்ள உறவு நாம் எண்ணுவதைவிட நெருங்கியது. மலேசியாவில் நகரங்களை ஒட்டியிருந்த ரப்பர்த் தோட்டங்கள் பல, கடந்த 40 ஆண்டுகளில் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் கோல்ப் திடல்களாகவும் மாறிவிட்டன. லயம் இருந்த இடத்தில் இன்று பச்சைப் புல். பிரட்டுக்கு நின்ற களத்தில் வண்டிகள் நிறுத்துமிடம். அவ்வாறு மாறியபோது பழைய நிலத்தின் உருவத்தை யாரும் எழுதி வைக்கவில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு செய்தி உலகின் வேறு பகுதிகளிலிருந்து வருகிறது. எப்போதோ அழிந்துபோன ஒரு கோல்ப் திடலை, நிலத்தின் மேடுபள்ள அளவுகளைக் கொண்டு, கணினியின் உள்ளே மீண்டும் உருவாக்கிக் காட்டுகிறார்கள். விளையாட்டுத் திடலுக்கு இத்துணை உழைப்பா என்று நாம் கேட்கலாம். கேட்பதோடு நின்றுவிடாமல், அந்த வேலை எவ்வாறு நடைபெறுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நமக்கு நன்மை தரும். ஏனெனில் அதே முறையால் ஒரு தோட்டத்தையும் மீட்டெழுதலாம்.

முதலில் நாம் அமர்ந்திருக்கும் இந்த இடத்தையே எடுத்துக்கொள்வோம். மார்சிலிங் என்பது ஒரு ரப்பர்த் தோட்டத்தின் பெயர். ரப்பர், அன்னாசி வாணிபங்களில் பெரும்பொருள் ஈட்டிய லிம் நீ சூன் என்பார் (1879-1936), சீனத்தில் தம் முன்னோர் வாழ்ந்த ஊரின் பெயரைத் தம் தோட்டத்திற்குச் சூட்டினார். அவர் பெயரின் மாண்டரின் ஒலிப்புத்தான் பக்கத்து நகரமாகிய யீஷூன். இன்று மார்சிலிங்கில் அடுக்குமாடிகள் நிற்கின்றன. 1996இல் இரயில் நிலையமும் வந்துவிட்டது. தோட்டத்தின் மேடு எது, ஓடை எது என்று கேட்டால் இங்கே பிறந்து வளர்ந்த இளைஞராலும் சொல்ல இயலாது. பெயர் ஒன்றே எஞ்சியிருக்கிறது.

இங்கிருந்து சிறிது தொலைவில் கிராஞ்சி. அங்கே 1999 முதல் குதிரைப் பந்தயத் திடல் இயங்கியது. 2024ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது. நிலத்தை வீடமைப்பு முதலிய தேவைகட்காக மீட்டுக்கொள்வதாக அரசாங்கம் 2023இலேயே அறிவித்திருந்தது. சிங்கப்பூரில் குதிரைப் பந்தயத்தின் வரலாறு 180 ஆண்டுகட்கு மேற்பட்டது. அதற்குக் கிராஞ்சி மூன்றாவது இடம். இரண்டாவது இடம் புக்கிட் தீமா. 1933இல் அங்கே திறக்கப்பட்ட திடலும் ரப்பர்த் தோட்டம் ஒன்றை விலைக்கு வாங்கி, மரங்களை வீழ்த்தி அமைக்கப்பட்டதே என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். முதல் இடமோ நம்மவர் நன்கு அறிந்த சிராங்கூன் சாலைப் பகுதி. பொருள் வாங்கவும் கோவிலுக்குச் செல்லவும் நீங்கள் அடிக்கடி வரும் அந்த லிட்டில் இந்தியாவின் ஓரத்தில், இன்று ஃபேரர் பார்க் என வழங்கும் வெளிதான் அது. நான் சொல்ல வந்த கோல்ப் திடலும் அங்கேதான் இருந்தது.

சீனிவாசப் பெருமாள் கோவிலை அறியாதவர் இங்கே இருக்கமாட்டீர்கள். 1855இல் தோன்றிய கோவில் அது. அதன் பின்புறமாகச் செல்லும் சாலைக்கு ரேஸ் கோர்ஸ் சாலை என்று பெயர். பெயருக்குக் காரணமான பந்தயத் திடலில் முதற்பந்தயம் 1843இல் நடைபெற்றது. அப்போது கோவிலே இல்லை. சதுப்பும் புல்லும் நிறைந்த தாழ்நிலம் அது. பிற்காலத்தில் அந்த வட்டாரத்தில் மாட்டு வாணிபம் செழித்ததற்கும் நீரும் புல்லுமே காரணம். பஃபலோ சாலை என்ற பெயர் அதற்கு இன்றும் சான்று. 1891ஆம் ஆண்டில் கோல்ட்னி என்னும் நீதிபதி முன்னின்று ஒரு கோல்ப் சங்கத்தைத் தொடங்கினார். பந்தய ஓடுபாதை சுற்றிவர, அதன் நடுவே கிடந்த வெளியில் 9 குழிகள் கொண்ட திடல் அமைந்தது. சிங்கப்பூரில் அவ்வாட்டத்திற்கு அதுவே தொடக்கம்.

(அதே ஆண்டுகளில் தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த ரிட்லி என்பவர், ரப்பர் நடுங்கள் என்று கண்டவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவரைப் பித்தர் என்று நகைத்தனர். நம் பாட்டன் பாட்டிமாரைக் கப்பலேற்றிய மரத்தின் கதையும் அந்த ஆட்டத்தின் கதையும் இந்நாட்டில் ஏறக்குறைய ஒரே வேளையில்தான் தொடங்கின.)

இடம் போதாமலும் நிலம் ஈரமாயிருந்தமையாலும் அத்திடல் நிலைக்கவில்லை. 1924இல் புக்கிட் தீமாப் பக்கம் புதிய திடல் திறக்கப்பட்டது. அச்சங்கம் ஐரோப்பியர்க்கே உரியதாய் இருந்ததால், எல்லா இனத்தாரும் ஆடுவதற்கென வேறொரு சங்கம் 1932இல் தன் திடலைத் திறந்தது. 1963இல் இரண்டும் ஒன்றாயின. ஃபேரர் பார்க்கிலிருந்த 9 குழிகளும் மண்ணோடு மண்ணாயின.

ஆனால் அந்த நிலத்தின் கதை அத்துடன் முடியவில்லை. 1911இல் பெல்ஜிய நாட்டவரான கிறிஸ்டியான்ஸ் என்பார் சிங்கப்பூரின் முதல் விமானத்தை அங்கிருந்துதான் பறக்கவிட்டார். 1942 பிப்ரவரி 17ஆம் நாள், சரணடைந்த பிரிட்டிஷ் படையைச் சேர்ந்த ஏறத்தாழ 40,000 இந்தியச் சிப்பாய்கள் அந்த வெளியில் நிறுத்தப்பட்டு, ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். பூஜிவாராவும் மோகன் சிங்கும் அவர்கள் முன் பேசினர். இந்திய தேசிய இராணுவத்தின் விதை அன்று ஊன்றப்பட்டது. அடுத்த ஆண்டு நேதாஜி வந்தபின் மலாயாத் தோட்டங்களிலிருந்து எத்தனை ஆண்கள், எத்தனை பெண்கள் அப்படையில் சேர்ந்தனர் என்பதை நான் உங்கட்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் குடும்பங்களிலேயே அந்நினைவு இருக்கும். துரைமார் பந்தடித்த புல்லின்மீதுதான் அச்சிப்பாய்கள் நின்றனர். அவர்கள் எந்த மேட்டில் நின்றனர், எந்தப் பள்ளத்தில் நீர் தேங்கியிருந்தது என்று இன்று அங்கே சென்று பார்த்தால் தெரியாது. 2021இல் அப்பகுதியில் ஏறத்தாழ 1,600 வீடுகள் கட்டும் திட்டமும் அறிவிக்கப்பட்டது. திறந்த வெளியின் ஒரு பகுதியை விளையாட்டுக்கென விட்டுவைப்பது அத்திட்டத்தில் அடங்கும்.

இவ்வாறு மறைந்த நிலத்தை மீட்டெழுதுவது எப்படி?

விமானத்திலிருந்து லேசர் ஒளியைக் கீழே பாய்ச்சும் கருவி ஒன்று உண்டு; லைடார் என்பது அதன் பெயர். ஒரு நொடியில் பல்லாயிரம், பல இலட்சம் ஒளித்துடிப்புகளை அது அனுப்புகிறது. ஒளி நிலத்தில் பட்டுத் திரும்பிவர எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதைக் கொண்டு தொலைவைக் கணக்கிடுகிறது. ஒளி நொடிக்கு 3,00,000 கிலோமீட்டர் செல்லக்கூடியது. ஆகவே அந்நேரத்தை நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு வரை அளக்க வேண்டியிருக்கிறது.

நமக்குப் பயன்படும் செய்தி இனிமேல்தான் வருகிறது. நண்பகலில் பால்மரக் காட்டுக்குள் நின்று மேலே பாருங்கள். இலைகள் கூரைபோல் மூடியிருக்கும். ஆயினும் தரையைப் பாருங்கள்: ஆங்காங்கே காசு காசாக வெயில் விழுந்து கிடக்கும். வெயில் நுழையும் அந்த இடுக்கு வழியே லேசர் ஒளியும் நுழையும். பெரும்பகுதி இலையில் பட்டுத் திரும்பிவிடும். சிறுபகுதி தரையைத் தொட்டுத் திரும்பும். இலையில் பட்டவற்றைக் கணினி நீக்கிவிட்டுத் தரையைத் தொட்டவற்றை மட்டும் இணைத்தால், காட்டை முழுவதும் உரித்தெடுத்தாற்போல வெறும் நிலத்தின் உருவம் தோன்றும். மரம் ஒன்றையும் வெட்டாமல் காட்டின் அடித்தரையைக் காணலாம். 2012இல் கம்போடியாவின் அங்கோர் வட்டாரத்தில் இப்படி அளந்தபோது, காட்டுக்கு அடியில் கிடந்த பழைய நகரங்களின் தெருக்களும் குளங்களும் வரப்புகளும் புலப்பட்டன. சிங்கப்பூர் நில ஆணையமும் 2014 முதல் விமானத்தின் வழியாக நாடு முழுவதையும் அளந்து முப்பரிமாண வரைபடம் உருவாக்கியிருக்கிறது.

இக்கருவியால் ஆகாத காரியங்களும் உண்டு. மண்ணுக்குள் அது ஊடுருவாது. இந்த மார்சிலிங்கிலேயே, போருக்கு முன் எரிபொருள் சேமிப்பதற்காகப் பிரிட்டிஷார் தோண்டிய சுரங்கங்கள் காட்டுக்கடியில் இருக்கின்றன. மேலே எத்தனை முறை பறந்தாலும் லைடாருக்கு அவை தென்படா. வாயிலருகே மண் குலைந்திருப்பது மட்டும் தென்படலாம். அதுபோலவே, நிலத்தைப் புல்டோசர் தள்ளிச் சமன்செய்து மேலே மண் கொட்டிவிட்டால், பழைய உருவம் தரவில் இராது. ஃபேரர் பார்க்கின் நிலை இதுதான். அங்கே இன்றைய அளவு இன்றைய தரையைத்தான் சொல்லும்.

அத்தகைய இடங்களில் பழைய சான்றுகளை நாட வேண்டும். பழைய நில அளவை வரைபடங்கள் முதலாவது சான்று. அவற்றை இன்றைய வரைபடத்தின்மேல் பொருத்துவதற்கு, அன்றும் இன்றும் இடம்பெயராத சில புள்ளிகள் வேண்டும்: ஒரு கோவில், ஒரு சாலைச் சந்திப்பு, ஒரு பாலம். பெருமாள் கோவில் அத்தகைய ஒரு புள்ளி. அடுத்து வானிலிருந்து எடுத்த படங்கள். போருக்குப் பின் பிரிட்டிஷ் வான்படை எடுத்த படங்கள் சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ஒரே நிலத்தைச் சற்றுத் தள்ளித் தள்ளி இரு படங்களாக எடுத்திருந்தால், நம் இரு கண்கள் ஆழத்தை உணர்வதுபோல, அவ்விரண்டையும் இணைத்து உயரத்தைக் கணக்கிடலாம். நிழலின் நீளமும் உதவும். கதிரவன் இருந்த கோணம் தெரிந்தால் மேட்டின் உயரம் தெரிந்துவிடும்.

இம்முறையில் மிக அரிய வெற்றி கண்டது அமெரிக்காவில் நியூயார்க்குக்கு அருகே இருந்த லைடோ என்னும் திடல். கடலோரச் சதுப்பில் மணலை இறைத்துக் கொட்டி, மெக்டொனால்ட் என்பவர் வகுத்த அத்திடல் 1917இல் திறக்கப்பட்டது. உலகின் தலைசிறந்த திடல்களுள் ஒன்று என்று பெயர் பெற்றது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், அந்நாட்டுக் கடற்படை அந்நிலத்தை எடுத்துக்கொண்டது. திடல் அழிந்தது. பல்லாண்டுகளுக்குப் பின் பீட்டர் ஃப்ளோரி என்னும் ஆர்வலர், பழைய ஒளிப்படங்கள், வான்படங்கள், வரைபடங்கள், செய்தித்தாள் குறிப்புகள் ஆகியவற்றைத் திரட்டி, ஒரு கணினி விளையாட்டுக்குள் அத்திடலை அங்குலம் அங்குலமாக மீட்டெழுப்பினார். அவர் அதற்கென நியமிக்கப்பட்டவர் அல்லர். தம் ஓய்வு நேரத்தில் செய்த வேலை அது. பிறகு அக்கணினி உருவத்தைத் தரவாக மாற்றி, விண்கோள் வழிகாட்டும் புல்டோசர்களில் ஏற்றி, விஸ்கான்சின் மாநிலத்து மணற்பரப்பில் டாம் டோக் என்னும் திடலமைப்பாளர் அதை மெய்யாகவே கட்டினார். 2023இல் அது திறக்கப்பட்டது. எந்த இயந்திரம் நிலத்தின் உருவத்தை அழிக்கிறதோ, அதே இயந்திரம் அழிந்த உருவத்தைத் திரும்ப வனைந்தது என்பதே எனக்கு இதில் பெருவியப்பு.

ஸ்காட்லாந்தில் வேறொரு வகை நிகழ்ச்சி. அஸ்கர்னிஷ் என்னும் இடத்தில், நம் ஃபேரர் பார்க் திடல் தோன்றிய அதே 1891இல், டாம் மாரிஸ் என்னும் முதியவர் வகுத்த திடல் கைவிடப்பட்டு மணற்குன்றுகளிடையே மறைந்துபோயிற்று. 2005இல் அதன் தடத்தை மீண்டும் கண்டறிந்து 2008இல் திறந்தனர். அப்போது அந்நிலத்தில் ஆடுமாடு மேய்த்துவந்த சிறு குடியானவர் சிலர், எங்கள் மேய்ச்சல் உரிமை என்னாவது என்று நில வழக்குமன்றம் சென்றனர். பழையதை மீட்பவர் எந்தப் பழையதை மீட்கிறார், அது யாருடைய பழமை என்ற கேள்வியை அவர்கள் எழுப்பினர். அது நியாயமான கேள்வி என்பதே என் கருத்து.

ஆகவே ஃபேரர் பார்க்கைக் குறித்து நான் நினைப்பதைச் சொல்கிறேன். அதை லைடோபோல் மீட்க இயலாது. தட்டையான சதுப்பில் அமைந்த 9 குழிகள் அவை. ஆட்டம் பெயர்ந்து போன பிறகே நல்ல வான்படங்கள் கிடைக்கின்றன. தோராயமான வரைவுதான் கிட்டும். ஆனால் அந்த ஒரே வரைவின்மேல் 1843இன் ஓடுபாதையையும், 1891இன் குழிகளையும், 1911இன் விமானத்தையும், 1942இன் சிப்பாய்களையும் அடுக்கடுக்காக வைத்துக் காட்டினால், கோல்ப் ஆடுவோர்க்கு மட்டுமன்றி நம் பிள்ளைகட்கும் அது பாடமாகும். குழிகளை மட்டும் மீட்டு, நின்ற மனிதரை விட்டுவிட்டால் அவ்வேலை பாதிதான்.

இனி உங்கள் தோட்டங்கட்கு வருகிறேன்.

தோட்ட வரைபடம் எதற்காக வரையப்பட்டது? காட்டின் எண், மரம் நட்ட ஆண்டு, ஏக்கர் அளவு, சாலை, ஆறு ஆகியவற்றுக்காக. அலுவலகத்துக் கிராணிக்கும் துரைக்கும் அது போதும். இடுகாட்டில் எந்த மூலையில் எந்தக் குடும்பத்துப் பெரியவர் கிடக்கிறார் என்பதற்காகவோ, முனியாண்டிக்குச் சூலம் நட்ட மரம் எது என்பதற்காகவோ அது வரையப்படவில்லை. லைடார் பறந்தால் சரிவுகளில் வெட்டிய படிமேடைகள் தெரியும், காண்கள் தெரியும், இடிந்த லயத்தின் அடித்தளம் நீண்ட கோடாகத் தெரியும். ஆனால் அது லயமா, பால் கொட்டகையா, பள்ளிக்கூடமா என்று அதற்குத் தெரியாது. அதைச் சொல்லக்கூடியவர் நீங்கள் மட்டுமே.

தோட்டம் கைமாறும்போது இது பெரிய பொருளாகிவிடுகிறது. எங்கள் கோவில் இங்கே இருந்தது, எங்கள் இடுகாடு இதுவரை நீண்டது என்று மக்கள் சொல்வர். எழுத்து எங்கே என்று கேள்வி வரும். வாய்ச்சொல்லாக இருப்பதை நிலத்தின்மேல் பொருத்தி வைத்திருந்தால் அது சான்றாகும். நம் நாவிலேயே இருந்துவிட்டால், சொல்லத் தெரிந்த முதியவரோடு அது போய்விடும். அதற்குக் காலமும் மிகுதியாக இல்லை. மரங்கள் முதிர்ந்து மறுநடவு வரும்போதும், ரப்பரை அழித்துச் செம்பனை நடும்போதும் இயந்திரங்கள் தரையைப் புரட்டிவிடும். மறுநடவுக்குப் பின் அளப்பதைவிட அதற்கு முன் அளப்பது மேல்.

விமானம் நம்மிடம் இல்லை. ஆனால் உங்கள் பிள்ளைகளின் கைப்பேசியில் நிற்கும் இடத்தைக் காட்டும் வசதி இருக்கிறது. சில மீட்டர் பிழையுடன் அது இடத்தைச் சொல்லும்; நம் வேலைக்கு அது போதும். ஓய்வுநாள் ஒன்றில் தோட்டத்தில் மூத்தவரை அழைத்துக்கொண்டு நடவுங்கள். நிர்வாகத்திடம் முன்கூட்டியே சொல்லி இசைவு பெற்றுச் செல்லுங்கள். பழைய லயத்தின் நான்கு மூலைகள், கிணறு, பிரட்டுக் களம், கோவில், கள்ளுக்கடை இருந்த இடம், இடுகாட்டின் எல்லை, ஒவ்வொன்றிலும் நின்று இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சொன்னவர் பெயரையும் அவர் எந்த ஆண்டுகளில் அங்கே வாழ்ந்தார் என்பதையும் உடன் எழுதுங்கள். இரு முதியவர் மாறுபட்டுச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள்; எது சரி என்று அங்கேயே வழக்காட வேண்டாம்.

வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய படங்களையும் தேடிப் பாருங்கள். லயத்து வாசலில் எடுத்த திருமணப் படமாயிருக்கலாம். காவடி எடுத்த படமாயிருக்கலாம். படத்தில் மணமக்களையே பார்த்துப் பழகிவிட்டோம். அவர்கள் தோளுக்குப் பின்னால் ஒரு மலையின் விளிம்பு தெரிகிறதா, தண்ணீர்த் தொட்டி தெரிகிறதா என்று பாருங்கள். லைடோவை மீட்க உதவிய படங்களிலும், பின்னாளில் இவ்வாறு அளவெடுக்கப்படும் என்று எண்ணாமல் எடுத்தவை மிகப்பல.

இன்னொன்று, இது நம் மக்களிடமே உள்ள அளவுகோல். நாம் தொலைவை அடியாலோ மீட்டராலோ சொல்வதில்லை, நிரையால் சொல்கிறோம். “கோவிலிலிருந்து கிணற்றுக்குப் பதினெட்டு நிரை” என்று ஒரு பாட்டி சொன்னால், கேட்பவர்க்கு அது கதையாகத் தோன்றும். அந்தக் காட்டில் நிரைக்கு நிரை 20 அடி விட்டு நட்டிருந்தால், பாட்டி சொன்னது 360 அடி, ஏறத்தாழ 110 மீட்டர். கோவில் இன்னும் நின்றால், அங்கிருந்து அவர் கைகாட்டும் பக்கம் 110 மீட்டர் நடந்து சென்று பாருங்கள். கிணற்றின் விளிம்புக்கல் புதருக்குள் கிடக்கக்கூடும்.